தகரம் வேர்த்த குளிர்காலம்

என் கணவரின் அண்ணன் குருமூர்த்திக்கு உலகத்தில் ஆகாத விஷயம் ஒன்றே ஒன்று, ஈரம். மழை பெய்தால் அவர் முகம் சுருங்கும். பனி இறங்கினால் தூக்கம் போகும். அட்டைப்பெட்டி வியாபாரி வேறு எப்படி இருப்பார்? மத்திகிரியிலிருந்து தளி ரோடு வரைக்கும் இருக்கிற ரோஜாப் பண்ணைகளுக்குப் பூ அடைக்கிற பெட்டி அவர் சப்ளை. பிப்ரவரியில் காதலர் தினத்துக்கு வெளியூர், வெளிநாடு என்று பூ போகும்போது பெட்டிக்கு அடிதடி நடக்கும். அதனால் கார்த்திகையிலேயே கட்டுக்கட்டாக வாங்கித் தோட்டத்து ஷெட்டில் அடுக்கிவிடுவார். அந்த ஷெட்டில் பாதி அவருடையது, பாதி என்னுடையது.

மாமனார் காலத்தில் அது மண்வெட்டியும் உரமூட்டையும் பம்ப்செட் சாமானும் போட்டுவைக்கிற இடம். நாலு பக்கமும் கருங்கல் சுவர், மேலே நெளிதகரம். பாகம் பிரித்தபோது ரோட்டுப் பக்கத்துப் பாதியும், அதையொட்டி வீடும், ரோட்டுக்குப் போகிற வழியும் அண்ணனுக்குப் போனது. உள்பக்கத்துப் பாதியும் சின்ன ஓட்டுவீடும் எங்களுக்கு வந்தது. வழியில் எல்லோரும் நடக்கலாம் என்று பேச்சு. பாகப் பத்திரத்தில் அதை எழுதவில்லை. "கூடப் பொறந்தவன்கிட்ட நடக்குற வழிய எழுதிக் குடுன்னு கேக்குறதா?" என்றார் என் கணவர் ராஜசேகர். கேட்டால் அண்ணன் மனசு புண்படுமாம்.

அண்ணன் என்றால் அவருக்கு அப்படி. குருமூர்த்தி ஒரு மூட்டை தூக்க வேண்டுமென்றாலும் இருந்த இடத்திலிருந்து "டேய் ராஜா" என்று ஒரு குரல் கொடுப்பார். இவர் சாப்பிடுகிற கையை உதறிவிட்டு ஓடுவார். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வரும்.

பிறகு மனை போடுகிற ஒருத்தன் மொத்தத் தோட்டத்தையும் கேட்டு வந்தான். அண்ணன் கொடுக்கலாம் என்றார், தம்பி மாட்டேன் என்றார். அந்த வாரமே வழியில் ஆள் உயரத்துக்கு இரும்பு கேட் வந்தது. மேலே ஈட்டி முனை. பூட்டின் சாவி அவர் வீட்டு ஆணியில். நாங்கள் ரோட்டுக்குப் போக வேண்டுமென்றால் வாய்க்கால் வரப்பில் சுற்றிக்கொண்டு போக வேண்டும். தானாக விற்றுவிட்டுப் போவார்கள் என்று அவர் கணக்கு.

போன வருஷம் ஒரு விடிகாலையில் என் கணவருக்கு நெஞ்சு வலித்தது. ஆம்புலன்ஸ் சீக்கிரமாகத்தான் வந்தது. வந்து கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது. நான் இந்தப் பக்கம் நின்று "மாமா, மாமா" என்று குருமூர்த்தியைக் கூப்பிட்டுக் கத்தினேன். சைரன் கத்தியது. டிரைவர் கல்லை எடுத்துப் பூட்டை அடித்தார். கேட்டை ஒட்டித்தான் குருமூர்த்தி வீட்டு ஜன்னல். ஜன்னல் திறக்கவில்லை. கடைசியில் டிரைவர் வரப்பைச் சுற்றி இந்தப் பக்கம் வந்ததும், என் கணவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நானும் டிரைவரும் தூக்கிக்கொண்டு, வாய்க்கால் சேற்றில் வழுக்கி வழுக்கி ரோட்டுக்குப் போனோம். போய்ச் சேர்ந்தபோது அவர் தலை என் தோளில் சாய்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, கொஞ்சம் முன்னே வந்திருந்தால் என்றார்கள்.

பால் தெளிப்பு அன்று குருமூர்த்தி என் எதிரே வந்து உட்கார்ந்தார். "என்னாம்மா பண்றது, விடிகாலைத் தூக்கம். நல்லாத் தூங்கிட்டன். ஒண்ணும் காதுல விழல" என்றார். நான் நம்பினேன். நம்பாமல் இருக்க எனக்கு அப்போது தெம்பில்லை.

கருமாதி முடிவதற்குள் ஷெட்டை நடுவில் பிரித்து ஹாலோ பிளாக் சுவர் எழுப்பிவிட்டார். நான் உள்ளே சுருண்டு கிடக்கிறேன், வெளியே மேஸ்திரியின் கரணை சத்தம். அவசரத்தில் சுவர் தகரம் வரைக்கும் போகவில்லை. மேலே ஒரு முழம் இடைவெளி. "போதும் மேஸ்திரி, மேல காத்து போவட்டும்" என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. அந்த ஒரு முழத்துக்குத்தான் பிற்பாடு அந்த மனுஷன் அழுதார்.

நான் விற்கவில்லை. விற்றால் அந்த நாற்காலியைத் தூக்கியதற்கே அர்த்தமில்லாமல் போய்விடும் என்று தோன்றியது. ஆனால் வயிறு இருக்கிறதே. கெலமங்கலத்து வஜிஹாவும் நானும் முன்பு ஒரே கம்பெனியில் ஒயர் கட்டுகிற லைனில் நின்றவர்கள். இப்போது அவள் வீட்டிலேயே சிப்பிக் காளான் வளர்த்து ஓசூர் ஓட்டல்களுக்குக் கொடுக்கிறாள். ஒருநாள் வரப்பில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து என் பாதி ஷெட்டுக்குள் நுழைந்து பார்த்தாள்.

"அக்கா, இது காளானுக்குன்னே கட்டுனாப்ல இருக்குது. வெயிலு படல, ஜில்லுனு கெடக்கு. வெத நான் தரேன். வளந்தத நானே எடுத்துக்கறேன். நீ ஈரத்த மட்டும் காப்பாத்து" என்றாள்.

ஈரத்தைக் காப்பாற்றுவதுதான் தொழில். வைக்கோலை வேகவைத்து வடித்து, பாலிதீன் பையில் வைக்கோலும் வித்துமாக மாற்றி மாற்றி அடைத்து, கயிற்றில் உறி மாதிரி தொங்கவிட வேண்டும். வெள்ளைப்பூசணம் பிடித்ததும் பையைக் கீறிவிட்டு, தரையில் மணல் பரப்பி நனைத்து, சுவரெல்லாம் ஈரச் சாக்கு தொங்கவிட்டு, காலையும் மாலையும் புகை மாதிரி தண்ணீர் தெளிக்க வேண்டும். மார்கழி பிறந்தபோது என் பையெல்லாம் கொத்துக் கொத்தாகக் காய்த்துத் தள்ளியது. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பைச் சுற்றி ரோட்டுக்குப் போவேன். வஜிஹா ஸ்கூட்டரோடு நிற்பாள். பனியில் வரப்பு வழுக்கி இரண்டு தடவை கூடையோடு வாய்க்காலில் விழுந்தேன். எனக்கு வேண்டியதெல்லாம் அந்த வழிதான். வழி இருந்தால் நான் யார் தயவும் இல்லாமல் இங்கேயே இருந்துவிடுவேன். இல்லையென்றால் இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு அவர் சொன்ன விலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

அதே மார்கழியில்தான் சுவருக்கு அந்தப் பக்கம் கூத்து ஆரம்பித்தது.

காலையில் ஷட்டரைத் திறந்தால் தகரத்தின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். மேல் கட்டு அட்டைகள் நமத்த அப்பளம் மாதிரி வளைந்து கிடக்கும். குருமூர்த்தி கூரை ஒழுகுகிறது என்று நினைத்தார். மழையே இல்லாத மாதத்தில் கூரை மேல் ஏறி ஒவ்வொரு ஆணிக்கும் தார் வைத்தார். மறுநாளும் சொட்டியது. சுவரில் ஈரம் வாங்குகிறது என்று யாரோ சொல்ல, பெயின்ட் கடையில் விசாரித்து விலை கூடின பெயின்டாக வாங்கி அடித்தார். சொட்டியது. காயட்டும் என்று நடுவில் கேஸ் அடுப்பை ஏற்றிவைத்தார். அடுப்பு எரிந்தாலும் அதிலிருந்து ஆவி வரும் என்று அவருக்குத் தெரியவில்லை, அன்று வழக்கத்தைவிட நன்றாகவே சொட்டியது. பனிக்காற்று உள்ளே வருகிறது என்று கல் சுவரில் இருந்த இரண்டு காற்றுத் துவாரத்தையும் சிமென்ட் வைத்து அடைத்தார்.

என் ஈரம்தான் அந்த ஒரு முழ இடைவெளி வழியாக ஏறி அந்தப் பக்கம் போகிறது என்று எனக்கு முதலில் புரிந்தது. புரிந்தபோது சிரித்தேன். கணவர் போன பிறகு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. ஒருத்தர் பிழைப்பு. தூங்கிவிட்டேன் என்று சொன்ன மனுஷன். வஜிஹாவிடம் கேட்டதற்கு, "உன் பக்கத்துலேந்து மேல ஒரு பிளாஸ்டிக் ஷீட்டு கட்டி உட்டுடு அக்கா, அங்க போவாது. உனக்கும் ஈரம் நிக்கும்" என்றாள். ஓசூர் பஜாரில் ஷீட் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஏணியைச் சாத்தி ஏறி, இடைவெளிக்கு நேரே கயிறு கட்டப் போனேன். அந்தப் பக்கம் குருமூர்த்தியும் அவர் மனைவி சென்னம்மாளும் நமத்த அட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சென்னம்மாள் ஆனேக்கல்லிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். வீட்டு ரகசியம் என்றால் இரண்டு பேரும் கன்னடத்துக்குப் போய்விடுவார்கள். கம்பெனி லைனில் எனக்கு இரண்டு பக்கமும் நின்றவர்கள் கன்னடத்துப் பெண்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

"இதெல்லாம் அந்தப் பாவம்தான்" என்றாள் சென்னம்மாள். "வண்டி அப்படிக் கத்துது, அந்தப் பொண்ணு அப்படிக் கத்துது, எழுந்து போங்கன்னு நான் சொன்னேன். ஆணியில கெடந்த சாவிய எடுத்து உங்க கையில குடுத்தேன். காதுல விழாமயா படுத்திருந்தீங்க?"

குருமூர்த்தி கையில் இருந்த அட்டையைப் பிரித்து ஓரமாகப் போட்டார்.

"கேள்ஸ்து" என்றார் அவர். கேட்டது என்று அர்த்தம். "ஒரு தடவ தொறந்துட்டா அப்புறம் பூட்ட முடியுமா? சும்மா வாயு வலியா இருக்கும்னு நெனச்சேன். அதப் பேசாத."

நான் ஏணியிலிருந்து இறங்கினேன். சாவி அவர் கையில் இருந்திருக்கிறது. கையில் சாவியை வைத்துக்கொண்டு, போர்வைக்குள், நான் மாமா மாமா என்று கத்தியதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். அவர் விளங்கவே கூடாது என்று அந்த மணலில் நின்று நினைத்தேன். ஷீட்டை மடித்து மூலையில் போட்டேன். மறுநாள் பஜாருக்குப் போய் இன்னும் ஒரு கட்டு சாக்கு வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்தச் சாக்குகளை எல்லாம் நடுச்சுவரில் நெருக்கமாகத் தொங்கவிட்டேன். பை இருந்த இடம் போக மிச்ச இடத்திலும் பை கட்டினேன். தண்ணீர் தெளிப்பதைக் கூட்டினேன். காளானுக்கு அவ்வளவு ஈரம் ஆகாது, மூச்சு முட்டிக் காம்பு நீண்டுகொண்டே போகும். போகட்டும் என்று விட்டேன். ஒரு கூடை குறைந்தால் என்ன.

ஆனால் அதுவும் குறையவில்லை. அதற்கு வழி செய்தது அவரே. பொங்கலுக்கு முன்னால், கம்பெனியில் வேலை பார்க்கிற யாரோ சொன்னானென்று பெரிய எக்சாஸ்ட் ஃபேன் ஒன்றை வாங்கி ஷட்டருக்கு மேலே மாட்டினார். ஈரக்காற்றை இழுத்து வெளியே தள்ளிவிடுமாம். தள்ளும்தான். ஆனால் தள்ளுகிற அளவுக்கு உள்ளே காற்று வர வேண்டாமா? இருந்த துவாரத்தை எல்லாம் அவரே அடைத்துவிட்டார். மிச்சம் திறந்திருந்தது சுவருக்கு மேலே அந்த ஒரு முழம்தான். நான் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடித்துப் பார்த்தேன். புகை நேராக மேலே ஏறி, சுவர் மேல் வளைந்து, அவசரமாக அந்தப் பக்கம் போனது. அவருடைய கரண்டில், அவருடைய ஃபேன், என் ஷெட்டின் ஈரத்தை எல்லாம் உறிஞ்சி அவருடைய அட்டைகள் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. என் பக்கம் ஜன்னல் வழியாகப் புதுக்காற்று வந்தபடி இருந்ததால் காளான் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்தது.

"அக்கா, இந்த மாதிரி சரக்கு நான் பாத்ததே இல்ல. என்ன பண்ணுன?" என்றாள் வஜிஹா.

"எங்க மாமா காத்து போட்டு உடுறாரு" என்றேன்.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் தளி ரோட்டுப் பண்ணையிலிருந்து முதல் லோடு அப்படியே திரும்பி வந்தது. பூவை அடுக்கி மேலே இன்னொரு பெட்டி வைத்தால் அடிப்பெட்டி உட்கார்ந்துவிடுகிறதாம். அடுத்த லோடும் இப்படி வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம். அன்று சாயந்திரம் குருமூர்த்தி கேட்டைத் திறந்துகொண்டு என் வாசலுக்கு வந்தார். பால் தெளிப்புக்குப் பிறகு அன்றுதான் வருகிறார். மோந்து பார்க்கிற மாதிரி என் ஷெட் பக்கம் மூக்கைத் திருப்பினார். யாரோ அவருக்கு ஒருவழியாக விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும்.

"பொற்கொடி, உன் காளான் என் பொழப்பக் கெடுக்குது. ஃபிப்ரவரி முடியற வரைக்கும் நிறுத்தி வை" என்றார்.

"என் பாதியில நான் என்ன வேணா வைப்பேன் மாமா."

"சரி, நான் சொல்ற வெலைக்குக் குடுத்துட்டுத்தான் போயேன்."

நான் முறத்தில் காளானைத் தட்டிக்கொண்டிருந்தேன். அவர் வாசலில் இரண்டு தடவை நடந்தார்.

"என்னதான் வேணும் உனக்கு?"

"வழி வேணும். பூட்ட எடுத்தாப் பத்தாது, கேட்டே இருக்கக் கூடாது. இந்தத் தடவ எழுத்துல வேணும், பதிவு பண்ணணும். அன்னைக்கே என் பையெல்லாம் ஷெட்ட உட்டு எறக்கிடுறேன். ஃபிப்ரவரி முடியற வரைக்கும் அங்க ஒரு சொட்டுத் தண்ணி தெளிக்க மாட்டேன்."

தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் சீசன் கழுத்தைப் பிடித்தது. பதிவு ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வெல்டிங் ஆளைக் கூட்டிவந்து கீலை அறுத்தார். கேட்டைத் தூக்கி ஷெட் ஓரம் சாய்த்தார்கள். நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். அன்றே பை எல்லாவற்றையும் வீட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டிலுக்கு மேலே தொங்கவிட்டுவிட்டு, நான் சமையல்கட்டில் பாயை விரித்தேன். சாக்கெல்லாம் வெயிலில் காய்ந்தது.

மறுநாள் காலையில் அந்த வழியில் நடந்தேன். வாசலிலிருந்து கிளம்பும்போது, வந்துவிட்டாளா என்று கேட்க வஜிஹாவுக்குப் போன் போட்டேன். அவள் எடுப்பதற்குள் நான் ரோட்டில் நின்றுகொண்டிருந்தேன். அவ்வளவுதான் தூரம். ஆம்புலன்ஸ் நின்ற இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் கூடத் தெரிந்தது. வரப்பில் சேற்றில் நாற்காலியோடு நாங்கள் சுற்றியது என் நினைவில் ஒரு யுகம். இந்த வழியில் அவரை மூச்சு இருக்கும்போதே வண்டியில் ஏற்றியிருக்கலாம். வழி கிடைத்துவிட்டால் மனசு ஆறும் என்று நினைத்திருந்தேன். நடந்து பார்த்ததும்தான் வயிறு புதிதாக எரிந்தது.

வஜிஹா வந்தாள். திறந்திருந்த ஷட்டருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

குருமூர்த்தி இந்தத் தடவை எதையும் விட்டுவைக்கவில்லை. சுவர் மேல் இடைவெளியைத் தெர்மாக்கோல் வெட்டி அடைத்திருந்தார். தகரத்துக்குக் கீழே, தூண் விட்டுத் தூண் கயிறு இழுத்து, ஒரே அகலமாகக் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட்டை மேற்கூரை மாதிரி கட்டியிருந்தார். புதிதாக வந்த அட்டையைச் சுவர் ஒட்ட, ஷீட் முட்ட அடுக்கியிருந்தார். சொட்டுகிற தண்ணீர் இனி அட்டை மேல் விழாது என்று அவருக்குப் பெருமை.

"உன் காளான் போனாலும் அங்க காயாது அக்கா" என்றாள் வஜிஹா. "அடியில வெறும் மண்ணு தரை. மண்ணும் அட்டையும் மூச்சு உடும்ல? ஃப்ரிஜ்ஜுலேந்து எடுத்த பாட்டில் வேர்க்குறாப்ல, பனியில தகரம் தானே வேர்க்கும். ஒரு எடத்த இப்படி மூடி வச்சா அந்த ஈரம் எங்க போவும்? ரெண்டு பக்கமும் மேல கீழ துவாரத்தத் தொறந்து உட்டு, அந்த பிளாஸ்டிக்கக் கிழிச்சுப் போட்டு, அட்டையக் கட்டைமேல ஏத்தி, சுவர உட்டுத் தள்ளி வச்சா காய்ஞ்சிடும். எம்பேச்சு அவரு கேக்க மாட்டாரு. நீயாவது சொல்லிடு அக்கா."

"சொல்றேன்" என்றேன்.

சொல்லவில்லை. காலையும் மாலையும் அவர் ஷட்டரைத் தாண்டித்தான் போனேன். "எப்படி மாமா, இப்ப ஈரம் இல்லையே?" என்று கேட்கவும் செய்தேன். "ஒரு சொட்டு இல்ல" என்பார். உண்மைதான், கீழே ஒரு சொட்டு இல்லை. தெர்மாக்கோல் ஒரு மூலையில் உடைந்திருந்தது. நான் ஏணியில் ஏறி அதன் வழியாகப் பார்ப்பேன். இரவெல்லாம் தகரம் வேர்த்துச் சொட்டிய தண்ணீர் பிளாஸ்டிக் ஷீட்டின் நடுவில் கூடிக்கொண்டே வந்தது. நாளுக்கு நாள் ஷீட் தொப்பையாகத் தொங்கியது. கீழே நின்று பார்த்தால் கறுப்பில் ஒன்றும் தெரியாது. நான் தினமும் போய்ப் பார்த்தேன், மற்றவர்கள் கிணற்றில் தண்ணீர் ஊறுகிறதா என்று பார்க்கிற மாதிரி.

ஜனவரி கடைசி. பெரிய லோடு போகிற நாள். விடிந்தும் விடியாத நேரம், எதிரே இருக்கிற தென்னை கூடத் தெரியாத பனி. சென்னம்மாள் ஆனேக்கல்லுக்குப் போயிருந்தாள். லோடு ஏற்றுகிற ஆட்கள் இன்னும் வரவில்லை. நான் என் காலி ஷெட்டில் தரைக்குச் சுண்ணாம்புத் தூள் தூவிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஷட்டர் ஏறியது. அவர் கட்டு மேல் கால் வைத்து ஏறுகிற சத்தம் கேட்டது. பிறகு டப்பென்று ஒரு கயிறு அறுந்தது.

"ஐயையோ" என்றார்.

ஏணிக்குப் போய்ப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. என்ன நடக்கிறது என்று தெரிந்தது. ஒரு பக்கம் கயிறு அறுந்து மொத்தத் தண்ணீரும் அந்தப் பக்கம் சாய்கிறது. அவர் கட்டு மேல் நின்று இரண்டு கையாலும் ஷீட்டைத் தாங்கிக்கொண்டிருக்கிறார். விட்டால் எல்லாம் லோடு மேல்.

"யாராவது வாங்க! பொற்கொடி! ஏ பொற்கொடி! அண்டாவ எடுத்துட்டு ஓடியா!"

என் கால் வாசல் பக்கம் திரும்பியது. யார் கூப்பிட்டாலும் ஓடுகிற கால், பழக்கதோஷம். பிடித்து நிறுத்தினேன். வழி திறந்து கிடந்தது. கேட் இல்லை, பூட்டு இல்லை. அண்டா வாசலிலேயே கவிழ்த்து வைத்திருந்தது. நாலு எட்டில் போய்விடலாம்.

"அம்மா, உன் காலப் புடிக்கறன், வாம்மா. கை தாங்கல."

நான் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் அவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. பிறகு, யோசிக்காமல், ஐம்பது வருஷப் பழக்கத்தில் அவர் வாயில் அந்தப் பெயர் வந்தது.

"டேய் ராஜா! ராஜா! ஓடியாடா!"

கையில் இருந்த சுண்ணாம்பு முறத்தை நான் கீழே வைத்தேன். ராஜா வர மாட்டார். இனி எந்த மூட்டைக்கும் வர மாட்டார். வந்திருப்பார், நீ எழுந்து சாவியைப் போட்டிருந்தால் இந்நேரம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து தாங்கியிருப்பார். அந்தப் பெயரை அவர் வாயால் கேட்டதும், எனக்குள் கொஞ்சநஞ்சம் ஆடிக்கொண்டிருந்ததும் நின்றுவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. நகரவில்லை.

இன்னும் ஒருமுறை கூப்பிட்டார். அப்புறம் கூப்பிடவில்லை. அப்புறம், வண்டியிலிருந்து மணலைத் தட்டுகிற மாதிரி, ஒரே கொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

வெயில் ஏறியதும் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் அட்டை பரப்பிக் காயப் போட்டிருந்தது. காயாது, காய்ந்தாலும் பெட்டியாக நிற்காது. லோடு ஆட்கள் வந்துவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். குருமூர்த்தி தலை முதல் கால் வரை நனைந்து, சாய்த்து வைத்திருந்த கேட்டின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, அத்தன கத்துக் கத்துனன். பக்கத்துலதான இருந்த. காதுல விழலியா?"

"விடிகாலைத் தூக்கம் மாமா" என்றேன். "நல்லாத் தூங்கிட்டேன். ஒண்ணும் காதுல விழல."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பார்வை மெதுவாக என் கைக்கு வந்தது. முழங்கை வரைக்கும் வெள்ளையாகச் சுண்ணாம்பு. பாதத்திலும் இருந்தது. நான் கழுவிக்கொண்டு வரவில்லை.

"நீ முழிச்சிட்டுதான் இருந்திருக்க" என்றார். "கேட்டிருக்குது உனக்கு."

"கேள்ஸ்து" என்றேன்.

அவர் முகத்தில் இருந்த ரத்தம் அப்படியே இறங்கியது. சுவரைப் பார்த்தார். சுவருக்கு மேலே, உடைந்த தெர்மாக்கோலைப் பார்த்தார். வஜிஹாவின் ஸ்கூட்டர் ரோட்டிலிருந்து திரும்பி, அட்டைகள் மேலேயே ஏறி, நேராக என் பக்கம் வந்து நின்றது. கூடையை ஏற்றிவிட்டு நானும் ஏறி உட்கார்ந்தேன்.